தாய்மாமன் சீரும் தடை உத்தரவும்

மைசூர், மண்டி மொஹல்லா
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அய்யாவு அவர்கள் சமூகத்திற்கு, உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த மச்சான் சித்தையன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ராணியும் சௌக்கியம். அங்கே ஹனூரில் தாங்களும், என் தங்கை கனகாவும், புதிதாக வாங்கிய எருமையும் சௌக்கியமாக இருக்க மாதேஸ்வரன் அருள்புரியட்டும். தங்கள் மகன் கவின்ராஜின் சௌக்கியத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அவன் என் கடைக்கு நேர் எதிரில்தான் கடை போட்டு நிற்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

நீங்கள் போனில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். "ஏனுங் மச்சான், மாமனும் மருமகனும் கோர்ட்டுல நின்னா நாங்க ஊருக்குள்ள எப்படிங்க தலை காட்டறது, கேஸை வாபஸ் வாங்கிப் போடுங்க" என்று நீங்கள் சொன்னதையும், பின்னால் கனகா மூக்கைச் சிந்துவதையும் ராணி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். நான் போனில் பதில் சொல்லவில்லை. இந்த வழக்கில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லியிருக்கிறது. எழுதினால் மட்டும் ஆகாதா என்று கேட்பீர்கள். என் கையெழுத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது, அந்தத் தைரியம்தான். ஆகவே முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்: வாபஸ் வாங்க மாட்டேன்.

நடந்தது என்ன என்று உங்கள் மகன் தனக்குத் தோதாகச் சொல்லியிருப்பான், என் பக்கத்தையும் கேளுங்கள். படிப்பு முடிந்து வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நீங்கள்தான் என் கையில் பிடித்துக் கொடுத்தீர்கள். நானும் சொந்தப் பிள்ளை மாதிரிதான் வைத்திருந்தேன். மெஸ்காரர்களையும் பிரியாணிக் கடைக்காரர்களையும் அவன்தான் பார்த்துக்கொண்டான், ஆர்டர் எடுத்தான், வண்டியில் கொண்டுபோய்ப் போட்டான். ஆனாலும் தொழில் தொழில்தானே என்று, சேர்ந்த அன்றே முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். என்னை விட்டுப் போனால் ஐந்து வருஷத்துக்கு மைசூர் எல்லைக்குள் மசாலா வியாபாரம் செய்ய மாட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இப்போது என் வக்கீல் நஞ்சுண்டசாமியே சொல்கிறார், அந்த ஷரத்து நிற்காதாம், வேலையை விட்டுப் போனவன் அதே தொழில் செய்து பிழைப்பதை யாரும் தடுக்க முடியாதாம். அப்படியானால் முத்திரைத்தாளை எதற்காக விற்கிறார்கள், வடை மடிக்கவா என்று கேட்டேன்.

சரி, கடை போட்டான், போகட்டும். பலகையில் என்ன எழுதினான் தெரியுமா? 'சித்தையன் மருமகன் மசாலா'. அதிலும் 'சித்தையன்' பேருந்து முகப்பு அளவுக்கு இருக்கிறது, 'மருமகன்' எங்கே என்று கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். கன்னடத்திலும் அதே கூத்துதான். பழைய வாடிக்கைக்காரர்கள் அங்கே சரக்கு வாங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஏனு சித்தய்யா, அளியனுக்குத் தனிக் கடை வெச்சுக் கொடுத்திட்டீங்க, ஒள்ளே மனசு" என்று மருமகனுக்கு நான் செய்ததாகப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். இல்லை என்று சொன்னால் குடும்பச் சண்டை சந்திக்கு வரும், ஆமாம் என்று சொன்னால் வழக்கு போய்விடும். நான் இருமிக் காட்டி அனுப்பிவிடுகிறேன்.

இனி, அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நான் வழக்குப் போட்ட ரகசியத்துக்கு வருகிறேன். என் மசாலாவின் சேர்மானம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். விடிவதற்கு முன்னால் திரையை இழுத்து விட்டுக்கொண்டு தனியாகத்தான் வறுப்பேன். ராணிகூட உள்ளே வந்ததில்லை. ரகசியத்தைக் காக்க என்ன ஏற்பாடு செய்திருந்தீர்கள் என்று நஞ்சுண்டசாமி கேட்டபோது, திரை என்று சொன்னேன். அந்த மனிதர் அந்தத் திரையைப் பற்றியே ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். படித்துக் காட்டியபோது அது என் கடைத் திரைதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கோர்ட்டில் நீதிபதி அம்மா ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார், அந்த ரகசியம் என்ன என்று. "அம்மா, சொல்லிவிட்டால் அது எப்படி ரகசியம்?" என்றேன். மூடி முத்திரை வைத்த உறையில் எழுதிக் கொடுங்கள் என்றார். உறையை யார் பிரிப்பார்கள் என்று கேட்டேன். நான்தான் என்றார். "அப்போ உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமேங்க" என்றேன். நஞ்சுண்டசாமி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "சும்னிரி சித்தய்யா, சும்னிரி" என்று என்னை அடக்கினார். அப்போதுதான் உங்கள் மகனின் வக்கீல் சொர்ணலதா, நேற்றுக் கல்லூரியிலிருந்து வந்தது போல் இருக்கிற பெண், லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். கவின்ராஜ் கல்யாண வீடியோ! கொள்ளேகால் மண்டபம், மேளம், வாசலில் நீங்கள் பட்டு வேட்டியில். ஆஹா, பாசத்தைக் காட்டிச் சமரசம் பேசப் போகிறார்கள் என்று நினைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் ரசித்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்தது தாய்மாமன் சீர்.

மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள். ஊரில் எல்லாத் தாய்மாமனும் ஆப்பிளும் ஆரஞ்சும் லட்டும் தட்டில் வைத்துக்கொண்டு போகிறான். நான் மசாலா வியாபாரி. என் தொழிலே தட்டில் ஏறிப் போகட்டும் என்று மல்லி, பேடகி மிளகாய், பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளித் தட்டு போட்டேன். எடை போட்டதும் நானேதான். ஒரு ஈடு வறுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என் கைக்கு வரும், வேறு எடை வராது. சீர் இறங்கினால் மைக்கில் படிப்பது நம் வழக்கம், அதனால் மைக் செட்டுக்காரனும் பெயரையும் எடையையும் கணீரென்று படித்தான். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கல்பாசி எடையை அவன் தப்பாகப் படித்துவிட்டான். தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் பாய்ந்து போய் மைக்கைப் பிடுங்கி, "கல்பாசியை அவ்வளவு போட்டாக் கசந்து போயிருமுங்க, சரியான எடை இது" என்று ஊரறியத் திருத்துகிறான். அந்த ஆள் நான்தான். மேலே பறக்கும் கேமராவிலும் எடுத்திருக்கிறார்கள். நீதிபதி அம்மா அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். தீர்ப்புக்கா, வீட்டுக் குழம்புக்கா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

மைக்கில் படித்தது எப்படி ரகசியமாகும் என்று கேட்டுத் தடை உத்தரவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் பெயரை அவன் பலகையில் போடலாமா என்பது மட்டும் வியாழக்கிழமைக்கு நிற்கிறது. அதற்குள் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று எங்கள் இருவரையும் ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே உங்கள் மகன் சொல்கிறான், "உங்க பேரை எடுத்துப்போட்டா என்ற கடைக்கு யாருங் மாமா வருவாங்க?" இதைத்தானே நான் இத்தனை நாளாகக் கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எழுந்து வந்துவிட்டேன். சீர் கொடுத்தது வாழ்வதற்கு, கடை வைப்பதற்கு இல்லை. மேல் கோர்ட்டுக்குப் போவேன், அதற்கும் மேலே ஒன்று இருந்தால் அங்கேயும் போவேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன், கனகாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். வாடிக்கை போனது எனக்கு வலிக்கவில்லை. என் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள், மிளகாய் நெடி பட்டாலே அவளுக்குத் தும்மல். எனக்குப் பிறகு இந்தக் கடை யாருக்கு என்று நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்க வேண்டியதே இல்லை என்றுதான் இருந்தேன். "மாமா, நான் தனியாப் போறனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே முன்னால் நின்று அவன் கடை ஷட்டரைத் தூக்கி விட்டிருப்பேன். பலகை ஏறிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பால் காய்ச்சுவதற்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறாது.

இதில் என் மனைவி ராணியின் நியாயம் தனி. மத்தியானம் இரண்டு கேரியர் கட்டுகிறாள், ஒன்று வாதிக்கு, ஒன்று பிரதிவாதிக்கு. அவன் கேரியரில் முட்டை இருக்கிறது. கேட்டால், "கோர்ட்டு உங்களுக்குத்தானே, வயித்துக்கும் சேர்த்தா கேஸ் போட்டீங்க?" என்கிறாள்.

இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஜெயிக்கப் போவது நான்தான். அந்த வீடியோவில் எடை இருக்கிறது, அடுப்பு இல்லை. எது முதலில், எது எவ்வளவு சூட்டில் என்பது எந்த மைக்கிலும் வரவில்லை. பையன் கருக்கித் தள்ளட்டும், வாங்கினவன் பாக்கெட்டை அவன் முகத்திலேயே எறியட்டும், நான் கல்லாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். நீங்கள் மைசூருக்கு வந்தால் எப்போதும் போல நாட்டுக்கோழி உண்டு, மாப்பிள்ளை மரியாதையில் குறை இருக்காது. வழக்கைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் வெற்றிலை பாக்கு கொடுத்து ஹனூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன்.

உங்கள் காட்டில் மஞ்சள் நன்றாக விளையட்டும், எருமை நிறையக் கறக்கட்டும், கனகாவுக்கு முழங்கால் வலி தீரட்டும், உங்கள் மகனுக்கு நல்ல புத்தியும் எனக்கு நல்ல தீர்ப்பும் ஒரே நாளில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பணியாத வாதியும் தங்கள் அன்பு மச்சானுமான
சித்தையன்

பி.கு.: இன்று செவ்வாய்க்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பியபோது எதிர்க் கடையிலிருந்து மிளகாய் கருகுகிற நெடி வந்தது. நான் எழுதியபடியே பையன் கருக்கிவிட்டான். ஆனால் பாக்கெட்டை எறிந்தவர் அவன் முகத்தில் எறியவில்லை. நேராக என் கடைக்கு வந்து கல்லாமேல் போட்டு, "ஏனு சித்தய்யா, வயசாகிக் கைருசி போய்ட்டுதா?" என்று கேட்டார். அது என் கடை இல்லை என்றேன். பலகையைக் காட்டினார். நான் என்ன செய்யட்டும் மாப்பிள்ளை? சாலையைக் கடந்து போனேன். "மாமா, நானும் நின்னு பார்த்துக்கறனுங்க" என்றான் உங்கள் மகன். பிரதிவாதி உள்ளே வரக்கூடாது என்று வெளியே தள்ளி, ஷட்டரை இறக்கிவிட்டு, அவன் சரக்கு முழுவதையும் நானே வறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ரகசியம் ரகசியமாகவே இருக்கிறது. நாளையிலிருந்து காலையில் முதலில் அவன் கடைக்கு வறுத்துவிட்டு, பிறகுதான் என் கடைக்கு. இது நஞ்சுண்டசாமி காதுக்குப் போகக்கூடாது. வியாழக்கிழமை அவனுக்கு ஒரு பெரிய கல்யாண ஆர்டர் இருக்கிறது, நான் அடுப்பை விட்டு நகர முடியாது. தபால் அதற்குள் வந்து சேராது என்று இதை ஹனூர் பஸ் கண்டக்டர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஆகையால் அவனையே வக்கீலிடம் சொல்லி வாய்தா வாங்கச் சொல்லுங்கள். நான் கேட்டால் பணிந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.