உப்புப் பாத்தியில் போட்ட மணிமாலை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் கல்யாணமாகி மரக்காணம் வந்த புதிது. என் வீட்டுக்காரரின் அண்ணி கோவிந்தம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெருமுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, தன்னிடம் இருந்த ஒரே நகையை அக்கா என் கழுத்தில் போட்டு அனுப்பினாள். கருப்பு மணிமாலை. அவள் அம்மா பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் வேலை செய்தபோது கிடைத்தது. அம்மா ஞாபகமாக அக்காவுக்கு மிஞ்சியதும் அது ஒன்றுதான்.

பந்தியில் பக்கத்தில் இருந்த அம்மாள் மணியை உருட்டிப் பார்த்து, “இது இன்னா, கல்லா ரப்பரா?” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். நான் மாலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அக்காவின் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு உப்பளம்தான் தொழில்; பாத்தித் தண்ணீர் உப்பு கட்டும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க மாமனார் கோழிமுட்டையை மிதக்க விடுவார். என் மூளை அதைப் பிடித்துக்கொண்டது. கல் என்றால் மூழ்கும், போலி என்றால் மிதக்கும். மறுநாள் காலை ஆள் பார்க்காத நேரத்தில் மாலையைப் பாத்தியில் விட்டேன். இற்றுப்போயிருந்த நூல் கையிலேயே அறுந்தது.

மணி அத்தனையும் மிதந்தது. கடல்காற்று அடிக்க, வெள்ளைப் பாத்தியில் கட்டெறும்புக் கூட்டம் போல எதிர்வரப்புக்குப் போனது.

உப்பு கட்டும் பாத்தியில் கால் வைத்தால் சேறு கலந்துவிடும், வைக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் இரண்டு காலோடும் இறங்கினேன். என் அலறல் கேட்டு, தள்ளி வேறு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஆறு பெண்கள் இறங்கினார்கள். மாமனார் வந்தபோது பாத்தி உழுத வயலாகக் கிடந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தாலும் தேவலை.

அக்கா வந்தாள். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து என் மூக்கருகே நீட்டினாள். சைக்கிள் டியூப் வாசனை.

“ரப்பருதான். எனக்கு எப்பவோ தெரியும். கல்லுன்னா கன்னத்துல வெச்சதும் ஜில்லுன்னு இருக்கும், இது இருக்காது.”

“அப்ப ஏன்க்கா சொல்லல?”

“நீ எங்க கேட்ட? அழுவாத. ரப்பரா இருக்கவே மிதந்து கெடச்சிது. கல்லா இருந்தா எங்கம்மா மாலை சேத்துலதான் கெடந்திருக்கும்.”

அன்றே புது நூலில் கோத்தாள். அடுத்த விசேஷத்தில் அந்தப் பெருமுக்கல் அம்மாளைப் பார்த்ததும் அக்காவே போய் நின்று, “ரப்பருதாங்க, எங்கம்மாவுது” என்றாள். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா மாதிரி ஒரு வார்த்தை நிமிர்ந்து பேச எனக்கு இந்த வயது வரை வரவில்லை.

எங்கள் வீட்டில் யார் புது நகை வாங்கினாலும், அக்கா பிள்ளைகள் என்னைக் காட்டி, “சின்னம்மா கண்ணுல காட்டாதீங்க, பாத்திக்குத் தூக்கிட்டுப் போயிடும்” என்பார்கள். என் பேத்தி தன் தாலியையே ஒளித்து வைத்தாள் என்றால் பாருங்கள்.

மாலையில் மணி அறுபதா அறுபத்திரண்டா என்று நினைவில்லை. ரப்பரில் எல்லா வகையும் உப்புத்தண்ணீரில் மிதக்குமா என்பதும் தெரியாது. படித்தவர்கள் யாராவது சரிபார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.