உப்புமாவைக் கெடுப்பது எப்படி

தன் கையால் சமைத்ததை மனிதர் எவரும் இரண்டாவது வாய் சாப்பிட முடியாதபடி செய்துவிடுவது என்று சேஷு தீர்மானம் செய்தது, டெல்லி துவாரகாவில் பால் பூத் க்யூவில் நின்றபோது. 2004-ஆம் வருஷம், ஜனவரி மாதத்து முதல் ஞாயிறு. பனி அப்படி மூடியிருந்தது. முன்னால் நிற்பவரின் குல்லா தெரிந்தது. குல்லாவுக்குள் இருந்தவர் தெரியவில்லை.

விஷயம் முந்தின நாள் சாயங்காலமே வெடித்துவிட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் வீட்டையே கட்டி மேய்த்த ருக்மிணிக்கு, விமான நிலையத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேஷுவுக்கு அதில் சந்தோஷம்தான். பொய்யில்லை. ஆபீசில் தன் செக்ஷன் முழுவதற்கும் லட்டு கொடுத்தார். லட்டு தீர்ந்த பிறகுதான் ருக்மிணி அடுத்த செய்தியைச் சொன்னாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நேக்கு ஆறு அம்பதுக்கு கம்பெனி கேப் வந்துடும். மத்தியான சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன். கார்த்தால டிபன் மட்டும் உங்க டிபார்ட்மென்ட்."

"நானா? நேக்கு ஸ்டவ்வைப் பத்த வைக்கக்கூடத் தெரியாதே, ருக்கு."

"லைட்டர் இருக்கு."

"காலங்கார்த்தால, இந்தக் குளிர்ல..."

"நானும் இதே குளிர்லதான் பதினெட்டு வருஷமா பண்ணிண்டிருக்கேன். நேக்குன்னு தனியா வெயில் அடிச்சுதா?"

சேஷு மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். எந்த ஃபைலையும் ஆறு மாதம் நகராமல் வைத்திருக்கத் தெரிந்தவர். ஆனால் ருக்மிணியின் ஃபைல்கள் அன்றன்றே நகரும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். 'பத்து நிமிஷ டிபன்' என்று தலைப்பு. ரவா உப்புமா, சேமியா, அவல், பிரெட் டோஸ்ட், கோதுமை மாவு தோசை. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலே வரி. அதைப் படித்துக்கொண்டே செய்துவிடலாம், அவ்வளவு சுலபம். அதுதான் சேஷுவுக்கு இடித்தது. கஷ்டமான வேலை என்றால் தட்டிக்கழிக்க வழி உண்டு. சுலபமான வேலையை எப்படித் தட்டிக்கழிப்பது?

அவர் பயம் சமையலைப் பற்றியது அல்ல, தூக்கத்தைப் பற்றியது. டெல்லிக் குளிரில் விடிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் சேஷு மிச்ச இருபத்திரண்டரை மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டிருந்தார். ரஜாய்க்குள் படுத்தபடி சமையலறையில் தாளிக்கிற சத்தம் கேட்க வேண்டும். எழுந்து வந்தால் தட்டில் ஆவி பறக்க வேண்டும். எட்டேகாலுக்கு ஆபீஸ் போகும் சார்ட்டர்ட் பஸ். இதற்குப் பெயர்தான் வாழ்க்கை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பால் பூத்தில் அவருக்கு முன்னால் இருந்த குல்லா திரும்பியது. கீழ்த்தளத்து ஜெகன். வேலூர்க்காரர். மனைவி உஷாராணி போன வருஷம்தான் பள்ளிக்கூட டீச்சராகச் சேர்ந்தவள். காலை ஏழுக்குக் கிளம்புகிறவள். ஜெகன் வீட்டில் இந்தப் பிரச்சினை போன வருஷமே வந்திருக்க வேண்டும் என்று சேஷுவுக்கு அப்போதுதான் உறைத்தது. குறையைக் கொட்டினார்.

ஜெகன் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். "ரொம்ப சிம்பிள் சார். கெடுத்துடணும். சுமாரா கெடுத்தா போதாது, அடியோட கெடுத்துடணும். மறுநாள் அவங்களே, நீங்க கிச்சன் பக்கம் வராதீங்கன்னு சொல்லணும். நானும் அதான் பண்ணேன்."

"அப்புறம்?"

ஜெகன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்ற சர்தார்ஜி, "பையா, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தி நெட்டினார். ஜெகன் டோக்கனைப் போட்டுப் பாலைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். 'அப்புறம்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைச் சேஷு கவனிக்கவும் இல்லை.

திங்கள் காலை ஐந்தேகாலுக்கே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. புரண்டார். எழுந்தார். மறுபடி படுத்தார். பரீட்சைக்குப் போகிற பையன்கூட அப்படித் தவித்திருக்க மாட்டான். கடைசியில் மெரூன் ஸ்வெட்டரையும் குரங்குக் குல்லாவையும் மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

தாளில் 'ரவையை வாசனை வரும்வரை வறுக்கவும்' என்று இருந்தது. அவர் வறுக்கவில்லை. 'ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர்' என்று இருந்தது. ஒரு பங்குதான் விட்டார். 'தேவையான உப்பு' என்று இருந்தது. தேவை யாருடையது என்று எழுதாதது ருக்மிணியின் தவறு. சேஷு தன் தேவைக்குப் போட்டார். பெருங்காயத்தை டப்பாவோடு கவிழ்த்தார். மேலிடத்து உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு நேர் எதிராகச் செய்வதில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்தது.

வாணலியில் இருந்து அதை எடுக்கக் கரண்டி போதவில்லை. ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டாவது படிக்கும் மகள் மாதங்கி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, யே க்யா ஹை? டைல்ஸ் ஒட்டறதா?"

"உப்புமா."

ருக்மிணி ஒரு துணுக்கு பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். சேஷு அவள் முகத்தையே பார்த்தார். ருக்மிணி மென்றாள். இன்னும் மென்றாள். விழுங்கினாள்.

"பிரமாதம்" என்றாள்.

"என்னது?"

"பிரமாதம்னேன். பெருங்காய வாசனை தூக்கறது. மாதங்கி, டப்பால போட்டுக்கோ. போற வழியில சாப்பிட்டுக்கலாம்."

இருவரும் ஆறரைக்கே டப்பாக்களோடு இறங்கிப் போனார்கள். சேஷு தனியாக மேஜையில் உட்கார்ந்தார். தான் சாப்பிடாமல் விட்டால் திட்டம் வெளிச்சமாகிவிடும். சாப்பிட்டார். நடுவில் இரண்டு தடவை ஓய்வு எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டப்பாக்கள் காலியாகத் திரும்பி வந்தன.

"ஆபீஸ்ல எல்லாரும் ஒரு வாய் கேட்டா. உங்க கைக்கு ஒரு மணம் இருக்குன்னா."

சேஷுவுக்கு அன்று தூக்கம் போயிற்று. தவறு எங்கே? மறுநாள் சேமியாவைக் கொதிக்க விட்டுவிட்டு முழு பேப்பரையும் படித்தார். அது ஒரே உருண்டையாகத் திரண்டு, கரண்டியைத் தூக்கினால் வாணலியும் கூடவே வந்தது. பிரமாதம். அதற்கு அடுத்த நாள் அவலில் மஞ்சள் பொடியைக் கொட்டினார். விரலெல்லாம் மஞ்சள். ஆபீசில் யாரோ காமாலையா என்று கேட்டார்கள். வீட்டில் அதுவும் பிரமாதம். வியாழக்கிழமை பிரெட்டைக் கருக்கினார். "மொறுமொறுன்னு இருக்கு, வெளியில வாங்கினா இப்படி வராது" என்றாள் ருக்மிணி. வெள்ளிக்கிழமை தோசையில் உப்பே இல்லை. சனிக்கிழமை அந்த உப்பையும் சேர்த்துப் போட்டார். இருவரும் புகழ்ந்துகொண்டே ஆறரைக்கு இறங்கிப் போனார்கள். மாதங்கியைத் தனியே பிடித்து, "நெஜமாவே நன்னாயிருக்காடி?" என்று கேட்டதற்கு, அவள் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டே, "பஹுத் அச்சா ஹை அப்பா" என்றாள்.

ஆறு நாளில் சேஷு ஓடாகிவிட்டார். ராத்திரி ஜீரண மாத்திரை, காலையில் தன் சமையல், மத்தியானம் வரை பெருமூச்சு. இன்னொன்றும் உறுத்தியது. குடியிருப்பு சொசைட்டியின் கேட்டில் காலூ என்று ஒரு கறுப்பு நாய் உண்டு. சேஷுவைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். புதன்கிழமையிலிருந்து அது அவரைப் பார்த்ததும் எழுந்து தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது.

கேப்பில் சாப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொண்டு போகிறாளே, அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று சனிக்கிழமை மத்தியானம் அவருக்குப் பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமை கேப் கிடையாது. அவர் கண் முன்னால் உட்கார்ந்து, முழுத் தட்டையும் காலி செய்தாக வேண்டும். அப்போது எப்படிப் பிரமாதம் வருகிறது, பார்த்துவிடலாம்.

"ருக்கு, நாளைக்கு இட்லி பண்ணப் போறேன்."

ருக்மிணி நிமிர்ந்தாள். "இட்லியா? ஜனவரியிலயா? மாவு பொங்காதேன்னா."

"பொங்கும், பொங்கும்."

பொங்காது என்பதுதான் திட்டமே. டெல்லியில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். குளிர்காலத்தில் இட்லி மாவைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பளி சுற்றி, கதகதப்பான மூலையில் வைத்து, நடுநடுவே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். சேஷு சனிக்கிழமை லீவில் மாவை அரைத்தார். நன்றாகவே அரைத்தார், அரைப்பதில் கெடுக்க வேண்டியதில்லை. இருட்டினதும் பாத்திரத்தைக் கொண்டுபோய் பால்கனியில் திறந்த வெளியில் வைத்தார். ரேடியோ நாலு டிகிரி என்று சொல்லிற்று. ஆறு நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் குறட்டை விட்டார்.

காலையில் எழுந்ததும் ஸ்வெட்டரைக் காணோம். ஆணியில் இல்லை, அலமாரியில் இல்லை. குல்லாவையும் காணோம். பல் கிடுகிடுக்கப் பால்கனிக்குப் போனார். மாவுப் பாத்திரத்தையும் காணோம்.

கூடத்துக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவருடைய சாய்வு நாற்காலியில், ஹீட்டருக்கு எதிரே, அவரே உட்கார்ந்திருந்தார். மெரூன் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, முழங்கால் வரை ரஜாய். பக்கத்தில் போய்க் குல்லாவைக் கழற்றினார். உள்ளே மாவுப் பாத்திரத்தின் மூடி; மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பால்கனியில மறந்து வெச்சுட்டேள் போலிருக்கு" என்றாள் பின்னால் ருக்மிணி. "நான்தான் எடுத்து வெச்சேன். பாவம், நீங்க ஆசைப்பட்டு அரைச்சது."

அவள் குளிக்கப் போய்விட்டாள்.

இப்போதும் கெடுக்கலாம். அரை மணி கூடுதலாக வேகவைத்தால் செங்கல். சட்னியில் உப்புப் போடாமல் விடலாம். சேஷு இட்லித் தட்டில் மாவை ஊற்றியபடி யோசித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஆவி கிளம்பி அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆறு நாளாகத் தன் கைச் சமையலைத் தின்ற வயிறு. அது அவர் பேச்சைக் கேட்கத் தயாராக இல்லை. கை தானாகப் பொட்டுக்கடலையை எடுத்தது. பச்சைக் கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டது. உப்பைச் சரியாகப் போட்டது. தாளித்ததும் அவருக்கே கண்ணில் நீர் வந்தது. பெருங்காயம் அளவாகத்தான் இருந்தது.

ஈரத் தலையில் துண்டோடு ருக்மிணி வந்து உட்கார்ந்தாள். ஒரு விள்ளல் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிரமாதம் என்று சொல்லவில்லை. இன்னொரு விள்ளல் எடுத்தாள்.

"நன்னாயிருக்குன்னா" என்றாள் கடைசியில், மெதுவாக. "பதினெட்டு வருஷத்துல நம்மாத்துல நான் உக்காந்து, இன்னொருத்தர் சூடாப் போட்டு சாப்பிடறது இதான் முதல் தடவை."

சேஷுவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கேட்காமலேயே இன்னும் இரண்டு இட்லி வைத்தார். தானும் எட்டு சாப்பிட்டார். ரஜாய் போனால் போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

வாசல் மணி அடித்தது. ஜெகன் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு பச்சைத் தண்ணீர் பாட்டிலோடு.

"பாப்பா நேத்து எங்க டைனிங் டேபிள்ல விட்டுட்டுப் போயிடுச்சு சார்."

"உங்க டைனிங் டேபிளுக்கு அவ எதுக்கு வந்தா?"

ஜெகன் ருக்மிணியைப் பார்த்தார். ருக்மிணி சட்னியைப் பார்த்தாள்.

"அப்பா, ஜெகன் அங்கிளோட வெண்பொங்கல் டூ குட்" என்றாள் அப்போதுதான் எழுந்து வந்த மாதங்கி.

சேஷு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறரை மணி. தினமும் ஆறரை மணி. "அப்போ நான் பண்ணினது? டப்பா காலியா வந்துதே?"

"காலூவுக்குப் போட்டோம்" என்றாள் ருக்மிணி. "செவ்வாய்க்கிழமையோட அது வேண்டாம்னுடுத்து."

"அதுக்கப்புறம்?"

"கேக்காதேள்."

சேஷு ஜெகன் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சொன்னேள், கெடுத்துட்டா போறும்னு?"

"நானும் பண்ணேன்னுதான் சார் சொன்னேன். பலிச்சுதுன்னு சொல்லலையே. போன ஜனவரில பதினோரு நாள் கெடுத்தேன். பதினோரு நாளும் உஷாவும் பசங்களும் உங்க வீட்லதான் சாப்ட்டாங்க. மாமி போட்டாங்க. நீங்க உள்ள ரஜாய்ல இருந்தீங்க."

ஜெகன் குனிந்து ஒரு இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். தலையை ஆட்டினார். அவர் முகத்தில், வெகு நாளாகத் தூங்காதவனுக்குத் தூக்கம் கிடைத்த நிம்மதி பரவியது.

"தேறிட்டீங்க சார். இனிமே ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வாரம் ஒருத்தர்னு மாமியும் உஷாவும் முறை போட்டுட்டாங்க. போன வாரம் என்னோடது. நாளைக்கு ஆறரைக்கு உஷாவும் பசங்களும் மேல வந்துடுவாங்க. எனக்கு மட்டும் ஒரு டப்பால போட்டு வெச்சுடுங்க, நான் எட்டு மணி வரைக்கும் ரஜாயை விட்டு வர்றதா இல்ல."