எந்தப் போட்டு என்று கேட்டுவிட்டேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். மாதா மன்றாட்டைச் சொல்லிச் சிரிக்க வைப்பது பாவமோ என்று பயம். (பயத்தைவிட வெட்கம் பெரிது.)

என் கொழுந்தன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, அவர் மனைவி ரீத்தா பேச்சையே நிறுத்திவிட்டாள். எங்கள் பக்கம் இதற்கு வைத்தியம் பார்க்க ஆள் கிடையாது. அப்போதுதான் அரசாங்கச் செலவில் மனநல ஆலோசகர் பயிற்சி, பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும், நம் கடற்கரை வட்டாரத்துக்கு ஒரே ஒரு இடம் என்று மாதா கோயிலில் அறிவித்தார்கள். அதை மாதா எனக்கென்றே பிடித்து வைத்திருப்பதாக நம்பினேன். (மாதாவிடம் கேட்டுக்கொள்ளவில்லை.)

தூத்துக்குடியில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தில் நேர்காணல். வராந்தாவில் எங்கள் கடற்கரைப் பெண்கள். அவர்கள் நடுவே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்த செல்வி.

உள்ளே டாக்டரம்மா சொன்னார்: "நான் நோயாளி மாதிரி பேசுவேன். நீங்க காது குடுத்தா போதும். கேள்வி, புத்திமதி எதுவும் வேண்டாம்."

தலையாட்டினேன். ஜன்னல் திரை பாய்மரம் போல் உப்பியது. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவர் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. "வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். இன்னும் வரல. சோறு ஆறிப்போச்சு..."

மேசை கரைந்தது. சுவர் கரைந்தது. காலடியில் ஈர மணல். எதிரே இருந்தது ரீத்தா.

"எந்தப் போட்டுளா?" என்று அவளைக் கேட்டுவிட்டேன்.

டாக்டரம்மா திகைத்தார். "அது... நீலப் படகு."

"எல்லாப் போட்டும் நீலந்தானளா. வயர்லெஸ்ல கூப்பிட்டாகளா?"

"தெரியல..."

போட்டு வரத் தாமதித்தால், கடலைப் பார்த்து முழங்காலிட்டு, ஒருவர் மாதாவை அழைக்க மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலை சொல்வது எங்கள் ஊர் வழக்கம். டாக்டரம்மாவையும் கையைப் பிடித்து முழங்காலில் இறக்கி, கண்ணை மூடி, உரக்கத் தொடங்கிவிட்டேன். திறந்த கதவுக்கு வெளியே வராந்தா முழுக்கப் பழக்கதோஷத்தில் பதில் சொன்னது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அலை வந்து திரும்புவதுபோல், மறுபடி, மறுபடி. வாச்மேன் அண்ணாச்சிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டாராம்.

கண் திறந்தபோது டாக்டரம்மா புடவைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். "என்னைப் பேசவே விடலையேம்மா நீங்க."

இடம் செல்விக்குப் போனது. மன்றாட்டுக்குப் பதில் தெரியாமல் வாயை மூடியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டில், கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பயிற்சி முடித்துச் செல்வியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். எத்தனையோ மத்தியானங்கள் ரீத்தா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒருநாள் ரீத்தா (ஊர்ப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது), என்னை நோக்கிக் கையைக் காட்டி, அவளிடம் கேட்டாள்: "அக்கா அன்னைக்கி தூத்துக்குடில என்னதான் செஞ்சா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் சொன்னாள். ரீத்தா சிரித்தாள். சிரித்துச் சிரித்தே அழுதாள். பிறகு கொழுந்தனின் போட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், பொழுது சாயும்வரை.

இன்றைக்கும் நான் யாருக்காவது புத்தி சொல்ல வாயெடுத்தால், என் வீட்டுக்காரர் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார். முதலில் சேர்ந்துகொள்வது ரீத்தாதான்.

நான் டாக்டரை அடித்ததாகப் பெரியதாழை வரை கதை போயிருக்கிறது. அடிக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் இதில் உள்ளபடியே சொல்லுங்கள். ரீத்தா சிரித்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள்.