பனித்சாவுக்குள் ஒரு வீடு

தின்பண்டத்துக்குள் கடதாசி இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டி வந்ததாகத் தெரியவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில்தான் 1993ஆம் ஆண்டு தை மாதம் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தது. எந்தக் கவுன்சில் என்று கேட்கவேண்டாம். பெயரைச் சொன்னால் எனக்குக் கடிதம் வரும்.

மேற்படி கவுன்சிலின் எல்லைக்குள் பென்கா என்ற பல்கேரியப் பெண்மணி ஒரு பேக்கரி வைத்திருந்தார். கணவரோடு நாட்டை விட்டு வந்து, கணவர் போனபிறகு தனியாக அடுப்போடு மல்லுக்கட்டியவர். அங்கே மாப் பிசைகிறவர் அருட்பிரகாசம், மன்னார்ப் பேசாலைக்காரர். மனைவி எமில்டா, மூன்று பெண் பிள்ளைகள், எல்லோரும் பேக்கரிக்கு மேலே ஒரே அறையில். கவுன்சில் வீட்டுக்கு எழுதிப்போட்டு ஆறு வருஷமாகிவிட்டது. ஐந்து பேர் ஓர் அறையில் நெருக்கடிப்படுகிறோம் என்று அவர் முறையிட்டதற்கு, விண்ணப்பதாரர் விடியற்காலை நாலு மணிக்கே வேலைக்கு இறங்கிவிடுவதால் அதன்பின் நெருக்கடி இல்லை எனப் பதில் வந்தது. அதில் பிழை பிடிக்க அவரால் முடியவில்லை. ஆனால் மூத்தவள் குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டு உட்கார்ந்துதான் பாடம் படித்தாள்.

பல்கேரியச் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு முதலில் பெரிய அபிப்பிராயம் கிடையாது. தரத்தோர் என்று பென்கா பெருமையோடு கொடுத்தது நம்முடைய வெள்ளரிக்காய்ப் பச்சடிதான், தண்ணீர் விட்டவர் எங்கே நிறுத்துவது என்று மறந்துவிட்டார். போசா என்பது தினையைப் புளிக்கவைத்துச் செய்த பானம், கரண்டியை நட்டால் நிற்கும். பனித்சாவில்தான் மனுஷன் கவிழ்ந்தார். மாவைக் கைக்குட்டையை விட மெல்லியதாக இழுத்து, உள்ளே முட்டையும் தயிரும் வெள்ளைச் சீஸும் வைத்துச் சுருட்டி, வட்டத் தட்டில் சுற்றி அடுக்கிச் சுடவேண்டும். ஆங்கில வருஷப் பிறப்புப் பனித்சா என்றால் துண்டுக்கொரு சீட்டு உள்ளே போகும். சுகம், பயணம், கல்யாணம், புதுவீடு என்று சீட்டில் எழுதியிருக்கும். தட்டைச் சுழற்றிவிட்டு, எந்தத் துண்டு தனக்கு நேரே வந்து நிற்கிறதோ அதைத்தான் எடுக்கலாம்.

சாத்திரமும் சாப்பாடும் ஒரே தட்டில் கிடைத்தால் நம்மவர்கள் விடுவார்களா? வால்தம்ஸ்டோ, பார்க்கிங் என்ற ஊர்களில் இருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். ஆங்கிலச் சீமாட்டிகளும் வந்தார்கள். பல்கேரியத் தயிர் தின்கிறவர்கள் நூறு வயது வாழ்வார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது. முந்திய வருஷம் கடற்பாசி தின்று நூறு வயது வாழத் தீர்மானித்திருந்தவர்கள், அதை அப்படியே போட்டுவிட்டுத் தயிருக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவருடைய கடைவாய்ப் பல்லில் ‘நீண்ட பயணம்’ போய்ச் சிக்கிக்கொண்டது. அவர் கவுன்சிலுக்கு எழுதினார்.

சுகாதாரப் பரிசோதகர் பெல்லமி வந்தார். இனிமேல் கடதாசி வைக்காமல் விடுவீர்களா என்று கேட்டார். பென்கா தலையை மேலும் கீழும் பலமாக ஆட்டினார். ‘உரிமையாளர் மனமார ஒப்புக்கொண்டார்’ என்று பெல்லமி குறித்துக்கொண்டு போனார். மறு கிழமை வந்து பார்த்தால் மறுபடியும் கடதாசி. பல்கேரியாவில் அப்படித் தலையாட்டினால் மாட்டேன் என்று அர்த்தம் என அருட்பிரகாசம் விளக்கினார். சரி, நீங்களாவது நிறுத்துவீர்களா என்று அவர் பக்கம் திரும்பினார் பெல்லமி. அருட்பிரகாசத்தின் தலை நம்மவர்களுடைய முறைப்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போய் வந்தது. பெல்லமியின் படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அவர் பேனையை மூடினார்.

“கடதாசி ஓர் அந்நியப் பொருள்,” என்றார் கடைசியில்.

“முட்டை அந்நியப் பொருளோ, ஐயா?” என்று பணிவாகக் கேட்டார் அருட்பிரகாசம்.

“முட்டை சேர்மானம். சேர்மானப் பட்டியலில் இருக்கிறது.”

“அப்ப கடதாசியையும் பட்டியலில எழுதிவிட்டால்?”

பெல்லமி கெட்ட மனிதர் அல்ல. இருபது வருஷச் சேவையில் அவருக்கு யாருமே ஒரு வழி சொன்னதில்லை, அவ்வளவுதான். அடுத்த நாளே பெட்டியில் ஒட்டுச்சீட்டு ஏறியது: கோதுமை மா, முட்டை, சீஸ், தயிர், வெண்ணெய், கடதாசி.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கடதாசி சேர்மானம் ஆகிவிட்டால் கடதாசியில் எழுதியிருப்பது என்ன என்ற பாரதூரமான வினா எழுந்தது. ‘சுகமாயிருப்பீர்’ என்பது ஆதாரமற்ற மருத்துவக் கூற்று. ‘பயணம்’ போக்குவரத்துப் பிரிவின் அதிகாரத்தில் தலையிடுவது. ‘கல்யாணம்’ என்று கண்டபடி உத்தரவிடுவது சமவாய்ப்புக் கொள்கைக்கு முரண். ஆகவே பதினொரு பேர் கொண்ட பனித்சா உபகுழு அமைக்கப்பட்டது. அது பத்து மாதம் கூடியது. கூட்டத்துக்கு இரண்டு தட்டுப் பனித்சா மாதிரிக்காக அனுப்பப்பட வேண்டும் என்பது அதன் முதலாவது தீர்மானம். இரண்டாவது தீர்மானம், போசா வேண்டாம் என்பது.

கார்த்திகை கடைசியில் திருத்தப்பட்ட சீட்டுகள் வந்து சேர்ந்தன. ‘தங்களுக்குச் சுகம் ஏற்பட இடமுண்டு, எதற்கும் டொக்டரைக் காணவும்.’ ‘பயணம் நிகழலாம், பஸ் ஓடுவதைப் பொறுத்தது.’ ‘தாங்கள் விரும்பினால், சம்மதமுள்ள ஒருவருடன், கல்யாணம்.’ வீட்டுச் சீட்டில் மட்டும் ‘உங்களுக்கு வீடு ஒதுக்கப்படும்’ என்று ஒரே வரி இருந்தது. வீடமைப்புப் பகுதியின் பிரதிநிதி அன்றைக்கு லீவில் நின்றபடியால் அதைத் திருத்த ஆளில்லாமல் போயிற்று. எல்லாம் தின்னக்கூடிய அரிசித் தாளில் அச்சிட்டது. கவுன்சில் எதைச் சொன்னாலும் உரிய முறையில் சொல்லவேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் முத்திரை, ஃபைல் கோவையின் இலக்கம், கையெழுத்து.

பென்கா கண்ணாடி போட்டு எல்லாவற்றையும் வாசித்தார். தன்னுடைய நாட்டிலும் நாற்பத்தைந்து வருஷமாக அரசாங்கம்தான் சனங்களின் தலைவிதியை எழுதியது, ஆனால் அதைச் சீஸோடு சேர்த்துச் சுட்டுக் கொடுக்கிற மூளை அவர்களுக்கு இருக்கவில்லை என்றார்.

நாற்பது சீட்டில் வீடு இரண்டே இரண்டு. இரண்டையும் மாவுக்குள் வைத்துச் சுருட்டியவர் அருட்பிரகாசம்தான். அதில் ஒன்று மேல்மாவில் பொங்கிச் சிவந்த ஒரு கொப்புளத்துக்குக் கீழே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அவர் மனசார நினைத்தார். குளியல் தொட்டியும் தலையணையும் கண்ணுக்குள் வந்து நின்றன. பென்காவுக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தட்டுக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, ஆறேழு தரம் சுழற்றினார். பிறகு கொப்புளமும் இல்லை, அடையாளமும் இல்லை.

வருஷப் பிறப்பன்று முதல் ஆளாக நின்றவர் பார்க்கிங்கில் இருந்து பஸ் ஏறி வந்த குருமூர்த்தி. அவருக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. மூன்றாவதற்காகத்தான் குளிரில் ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறார். டொக்டரைக் காணச் சொல்லி வந்தது. ஒரு சீமாட்டிக்குச் சம்மதமுள்ள ஒருவர் வந்தார். பேக்கரி ஆட்களின் முறை கடைசியில்தான். எமில்டா தனக்கு நேரே நின்ற துண்டைப் பிய்த்தார், சீட்டை வாசித்தார், மறுபடி வாசித்தார், புருஷனுடைய கையில் வைத்தார். அருட்பிரகாசம் வாடிக்கையாளர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். தட்டில் மூன்று துண்டு மிஞ்சியது. மற்ற வீடு அதில் ஏதோ ஒன்றுக்குள் இருந்தது.

கவுன்சிலின் வீடமைப்புக் கந்தோர் லீவு முடிந்து திறந்த முதல் நாளே அருட்பிரகாசம் சீட்டோடு போனார். கவுண்டர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரி. ஆனால் வேலை நேரத்தில் கவுன்சிலை விடக் கவுன்சில். அருட்பிரகாசத்தை ஒருநாளும் அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

“மிஸ்டர் அருட்பிரகாசம், இதில என்ன மணம்?”

“சீஸ், மிஸ்.”

சிவனேஸ்வரி முத்திரையைப் பார்த்தார். இலக்கத்தைக் கோவையில் தேடி எடுத்தார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

“உபகுழுத் தீர்மானம். எதிர்ப்பு ஒண்டும் பதியேல்லை. ஏழு வருசத்தில நீங்கள் ஒழுங்காக் கொண்டுவந்த ஒரே டொக்குமெண்ட் இதுதான்.”

அருட்பிரகாசம் பொய் சொல்லிப் பழகாதவர். “மிஸ், அது பனித்சாவுக்கை இருந்தது.”

“எங்கை இருந்தது எண்டு எழுத இதில இடமில்லை,” என்று சொல்லி, சிவனேஸ்வரி முத்திரையைக் குத்தினார்.

மூன்று அறை, இரண்டாம் மாடி. வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பு கண்ணாடிக்குக் கீழால் வந்தது. அருட்பிரகாசத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது சிவனேஸ்வரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

“அண்ணை, நானும் அம்மாவும் ஒரு அறைக்குள்ளதான் இருக்கிறம். ஒம்பது வருசமா இந்த லிஸ்டில நானும் இருக்கிறன். துண்டு ஏதும் மிச்சம் கிடக்கோ?”

அருட்பிரகாசத்துக்கு மனம் உருகிப் போயிற்று. கிடக்கு, இப்பவே வாருங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கையில் திறப்பு இருந்தது. பின்னால் இருபது பேர் நின்றார்கள். கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு, சிவனேஸ்வரியின் அடுக்கில் இருந்தே ஒரு விண்ணப்பப் போமை உருவி அவருக்கு முன்னால் வைத்தார்.

“மிஸ் சிவனேஸ்வரி, அப்பிடி நேர வந்து கேட்டுத் தர ஏலாது. இதை நிரப்புங்கோ. ரெண்டு கொப்பி.”

“கறுப்பு மையோ, நீல மையோ?” என்று கேட்டார் சிவனேஸ்வரி, சட்டென்று மரியாதையாக.

“கறுப்பு.”

சிவனேஸ்வரி குனிந்து எழுதத் தொடங்கினார். பின்னால் நின்ற வரிசை ஒரு கணம் யோசித்தது. பிறகு தள்ளுப்படாமல், கண்ணாடியை விட்டு விலகி அருட்பிரகாசத்துக்கு முன்னால் வந்து நின்றது.

அருட்பிரகாசம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“சாப்பாட்டு நேரம்,” என்றார். “ரெண்டு மணிக்கு வாங்கோ.”