நண்டுத்திட்டுத் தாக்குதல்: ஓர் உளவு மதிப்பீடு

உலகப் போர்களின் போக்கையே மாற்றிய தீவுகள் உண்டு. அவற்றில் எதற்கும் கிடைக்காத பெருமை, வீராம்பட்டினத்துக்கு எதிரே கிடக்கும் நண்டுத்திட்டுக்குக் கிடைத்தது. அதற்கென்றே ஓர் உளவு மதிப்பீட்டு அதிகாரி இருந்தார். பெயர் சந்திரமோகன். திட்டின் நீளம் இருநூறு அடி; அதைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை இருநூறு பக்கம்.

வடக்கே சண்டை மூண்ட அன்றே, 'எதிரி நண்டுத்திட்டில் இறங்க வாய்ப்பு: எழுபது சதவீதம்' என்று கணித்தவர் அவர். ஏன் எழுபது என்று மேலதிகாரி கேட்டார்.

"எண்பதுன்னா பீதி சார். அறுபதுன்னா யாரும் படிக்க மாட்டாங்க."

இந்தத் தெளிவு எல்லோருக்கும் வாய்க்காது. கையோடு, எந்தப் படகும் கடலில் இறங்கக் கூடாது என்று உத்தரவும் வாங்கினார்.

மூன்றாம் நாள் காலை, தொலைநோக்கியில் பார்த்தால் திட்டின்மேல் ஒரு சிவப்புத் துணி ஆடுகிறது! சந்திரமோகனுக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. 'எதிரியின் சமிக்ஞை. வாய்ப்பு: தொண்ணூறு' என்று திருத்தினார்.

கரையிலிருந்து அதே துணியைப் பார்த்துவிட்டு, மீன் விற்கும் அஞ்சலாட்சி அலுவலகத்துக்கு ஓடிவந்தாள்.

"சார், அது எங்கூட்டுக்காரரு கைலி. உத்தரவுக்கு மொத நாளு கடலுக்குப் போனவரு. எஞ்சின் நின்னு திட்டுல ஒதுங்கியிருக்காரு. போனும் எடுக்கல. குடிக்கத் தண்ணிகூட இருக்காது சார். ஒரு போட்டு அனுப்புங்க."

"கைலின்னு எப்படிம்மா சொல்ற?"

"நான் தொவைக்கிற கைலி எனக்குத் தெரியாதா?"

"ஒருத்தர் சொன்னா 'தகவல்' ஆகாதும்மா. ரெண்டு பேர் சொல்லணும்."

அவள் போய், கணவன் பக்கிரியின் தங்கை சின்னப்பொண்ணுவை இழுத்துவந்தாள். சந்திரமோகன் மிகுந்த வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே குடும்பம். செல்லாது."

"அப்ப அவரு செத்துட்டாருன்னு எத்தினி பேரு வந்து சொல்லணும் சார்?"

"அதுக்கும் ரெண்டு பேர்தாம்மா."

அஞ்சலாட்சி கரைக்குத் திரும்பி ஓடினாள். நாத்தனாரும் அவளும் ஒரு குடம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் படகைத் தள்ளிவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்த சந்திரமோகனுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. கடமை குறுக்கிட்டது, பேனாவை எடுத்தார்.

'பிற்பகல் 2.10. கணித்தபடியே தாக்குதல். இறங்கியவர்கள் இருவர். ஆயுதம்: குடம் ஒன்று. தரையில் கிடந்த ஒருவருடன் பின்வாங்கினர்.'

பக்கிரி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். பெண்கள் இருவரையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் அழைத்துப் போனது. துல்லியமான கணிப்புக்காகச் சந்திரமோகனுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சண்டை முடியும்வரை நண்டுத்திட்டுக்கு வந்த எதிரிகள் அந்த இருவர்தான். அங்கே செத்துக்கொண்டிருந்த மனிதனைத் தேடி வந்தவர்களும் அந்த இருவர்தான்.