ஜனவரி ஆறாம் தேதி நாங்கள் அடுப்பு மூட்டாததைப் பற்றி

வெண்ணந்தூர்,
ஜனவரி 11.

மரியாதைக்குரிய லாசர் பெரியப்பா அவர்களுக்கு, தம்பி மகள் ஜெனிட்டா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன் ஜோஸ்வா, நான் எல்லோரும் சுகம். சேலத்தில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருக்கவும், உங்கள் வயிறு இதற்குள் சரியாகியிருக்கவும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

"நடந்ததுக்கு அந்தப் புள்ள மன்னிப்புக் கேட்டு எழுதட்டும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் கிள்ளிக்கூடம்னு ஒரு பேச்சு என் காதுல உழக்கூடாது" என்று நீங்கள் அப்பாவிடம் போனில் சொன்னது எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் போடாமலே கேட்டது. உங்கள் எதிரில் நின்றால் எனக்குக் குரல் வராது என்பது உங்களுக்கே தெரியும். கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு அன்று ஆயர் என் பெயரைக் கேட்டபோது பக்கத்தில் நின்ற பிள்ளைதான் சொன்னாள். காகிதத்திடம் எனக்குப் பயமில்லை, அது திரும்பி முறைக்காது. அதனால் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதுகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்கப் போவதில்லை.

இதை நான் எங்கிருந்து பிடித்தேன் என்று கேட்டீர்களாம். அம்மாவின் தங்கை அனிதா சித்தி அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறார் அல்லவா, அவர் புது வருஷத்துக்குப் போனில் பேசும்போது சொன்னார். அந்தப் பக்கம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பெண்கள் கிறிஸ்துமஸ் என்று இன்னொரு பெயர் உண்டாம். டிசம்பர் முழுக்க வீட்டில் உழைத்த பெண்கள் ஜனவரி ஆறாம் தேதி ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டார்களாம். சமையல், பாத்திரம், பிள்ளைகள் எல்லாம் அன்றைக்கு ஆண்கள் கையில். பெண்கள் கூட்டமாகக் கிளம்பி எங்காவது உட்கார்ந்து டீ குடித்துக் கதை பேசுவார்களாம். அம்மா முறுக்குச் சுட்ட எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "நெசமாவாடி? எல்லாருமே செய்வாங்களா?" என்றாள். "எல்லாரும் எங்கக்கா, வயசான ஆளுங்க உடாம செய்யறாங்க. எங்க வார்டுல ஒரு டப்ளின் புள்ள இருக்கறா, அவ இப்படி ஒண்ணையே கேள்விப்பட்டதில்லைங்கறா" என்றார் சித்தி. "உம்பட ஊட்டுக்காரரு?" "அவரு நம்ம திண்டுக்கல்காரருதானே. அயர்லாந்துல அவருக்கு மழை மட்டுந்தான் ஒத்துக்கிச்சு."

அப்பா அப்போது லாரி லோடு இறக்கிவிட்டு வீட்டில் இருந்தார். அம்மா என் முதுகில் குத்தி, நீயே சொல்லு என்றாள். நான் ரசப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அப்பா சிரித்தார். "அட, தாராளமா போய்ட்டு வாங்க சாமி. ஒரு நாளு ஆக்கித் தின்ன எங்களுக்குக் கை இல்லையா?" "அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியுமாங்க?" என்று அம்மா கேட்டாள். "பொகை வர்ற பக்கம்" என்றார். இப்படி அனுமதி வாங்கித்தான் போனோம் பெரியப்பா. ஓடிப்போகவில்லை.

ஆறாம் தேதி விடிந்ததும் நானும் அம்மாவும் காவிரிக்கரையில் இருக்கும் ஜேடர்பாளையம் கிளம்பினோம். பக்கத்து வீட்டு ராமாயி அக்காவும் கூடவே வந்தார். "எங்களுக்குக் கிறிஸ்துமஸ் இல்லைன்னாலும் பாத்திரம் இருக்குதுல்ல" என்றார். ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் ஜோஸ்வாவிடமிருந்து போன். "அம்மா, மஞ்சளா ரெண்டு பருப்பு இருக்குது, இதுல எது பருப்பு?" ரெண்டும் பருப்புதான்டா என்றாள் அம்மா. அடுத்து, குக்கர் கத்தவே மாட்டேங்குது என்றான். "வெயிட்டப் போட்டியாடா?" "எந்த வெயிட்டு?" அம்மா போனை அணைத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். உடனே ராமாயி அக்காவின் போன் அடித்தது. பால் கறக்கப் போன அவர் வீட்டுக்காரர் பெரியசாமி மாமாவை எருமை உதைக்கிறதாம், கிட்டவே விடவில்லையாம். "என் நைட்டிய எடுத்து மாட்டிக்கிட்டுப் போங்க, வாசத்துக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டு அக்காவும் அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் படுகை அணையில் குளித்தோம், வறுத்த மீன் வாங்கி முள் எடுத்துக் கொடுக்க யாரும் கேட்காமல் நாங்களே தின்றோம், அம்மா ஒரு மரத்தடியில் பட்டப்பகலில் படுத்துத் தூங்கினாள். உடம்பு சரியில்லாத நாள் தவிர அம்மா தூங்குவதை நான் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

அந்த நேரத்தில்தான் நீங்கள், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லாமல், கிறிஸ்துமஸ் பலகாரம் சாப்பிட வந்து இறங்கியிருக்கிறீர்கள். அங்கே நடந்ததை எல்லாம் ஜோஸ்வா எனக்குச் சொன்னான். பக்கத்து வாசலில் நைட்டி தெரிய, "ஏம்மா ராமாயி, சௌக்கியமா?" என்று கேட்டீர்களாம். "சௌக்கியமுங்க" என்று பெரியசாமி மாமா மீசையோடு திரும்பினாராம். பால் கறந்து முடித்தும் அவர் அதைக் கழற்றவில்லை, காற்றோட்டமாக இருக்கிறதாம். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? உள்ளே, வெயிட்டுக்குப் பதில் ஜோஸ்வா அம்மிக்குழவியைத் தூக்கி வைத்ததில், குக்கர் மூடி ஒரு பக்கமும் பருப்பு மறு பக்கமும் போய், சுவரில் தொங்கின திருக்குடும்பப் படம் வரைக்கும் மஞ்சள் தெறித்திருந்தது. அப்பா உப்பைத் தேடி ஏழெட்டு டப்பாவைத் திறந்து, கடைசியில் மிச்சப் பருப்பில் கோலமாவைப் போட்டுவிட்டார். ஒரு வாய் வைத்துப் பார்த்ததும் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, "இந்த அடுப்படியில மனுசன் சமைப்பானா" என்று கேட்டுக்கொண்டு நேராக லாரிக்குப் போயிருக்கிறார்.

குவாஹாத்தி வரைக்கும் போகிற லாரி என்பதால் அதன் பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், குண்டா, மசாலா டப்பா எல்லாம் எப்போதும் இருக்கும். வழியில் அப்பா ஏதோ கஞ்சி காய்ச்சிக் குடிப்பார் என்றுதான் நாங்கள் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். அன்றைக்கு அவர் லாரி நிழலில் தார்ப்பாயை விரித்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஜோஸ்வாவைக் கோழி வாங்க விரட்டி, அவன் வருவதற்குள் வெங்காயத்தைக் கையிலேயே வைத்து நறுக்கி, தேங்காயே இல்லாமல் ஒரு குழம்பு வைத்திருக்கிறார். தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதாம். நீங்கள் அந்தத் தார்ப்பாயில் உட்கார்ந்து மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டு, குண்டாவைச் சாய்த்தும் பார்த்திருக்கிறீர்கள். சாப்பிடும்போது போகாத கவுரவம், நாங்கள் ஈரத்தலையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததைப் பார்த்ததும் போய்விட்டது. "கோயில் பங்குப் பேரவையில இருக்கறவன நடுரோட்டுல உக்கார வெச்சுச் சோறு போட்டுட்டீங்களே! பொட்டப்புள்ள பேச்சக் கேட்டு ஊடே ரோட்டுக்கு வந்துருச்சு" என்றீர்கள். நான் வழக்கம்போல என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா குண்டாவில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் வழித்து வாயில் வைத்தாள். அப்பா பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இத்தன வருசமா இது உங்களுக்குத் தெரியுமா?" "அது லாரிச் சமையலு புள்ள. ஊட்டு அடுப்படியில எனக்குக் கை ஓடாது." "அப்ப நாளையிலிருந்து லாரிய அடுப்படிக்குள்ள கொண்டாந்து நிறுத்துங்க." நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது அப்போதுதான்.

இனி நான் சொல்ல வேண்டியது. பத்தாவது முடித்த வருஷம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனது. "ஊட்டுல ஆம்பளைங்களுக்கு ஆக்கிப்போட ஆளு வேண்டாமா? புள்ள நின்னுக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது நீங்கள். அம்மா மூன்று மாதத்தில் எழுந்துவிட்டாள். நான்தான் அடுப்படியிலேயே தங்கிவிட்டேன். என்னோடு படித்தவர்கள் இப்போது பன்னிரண்டாவது எழுதப் போகிறார்கள். நான் வெளியே போனால் தெருவில் பார்த்துவிடுவார்களோ என்று பின்பக்கச் சந்து வழியாகக் கடைக்குப் போகிறேன். ஆக்கிப்போட ஆள் இல்லை என்றுதானே என்னை நிறுத்தினீர்கள்? ஆள் இருந்திருக்கிறது பெரியப்பா. கோழிக் குழம்பே வைக்கத் தெரிந்த ஆள் லாரி ஓட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நீங்களே சாப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள், இனி சாட்சி வேறு தேவையில்லை. வருகிற ஜூனில் நான் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகிறேன். அம்மா சரி என்றுவிட்டாள். அப்பா, "எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். இதுதான் அந்த ஒரு வார்த்தை. கேட்கவில்லை, சொல்கிறேன். அப்பா லோடு போகிற நாளில் ஜோஸ்வா சமைப்பான். எது பருப்பு என்று அவன் இப்போது தெரிந்துகொண்டான்.

பெரியம்மாவுக்கு என் முத்தங்கள். அடுத்த வருஷம் ஆறாம் தேதி அவரையும் அழைத்துப் போகிறோம் என்று சொல்லவும். திருக்குடும்பத்தின் ஆசி உங்கள் வீட்டில், முக்கியமாக அடுப்படியில், குறைவில்லாமல் இருக்கட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மகள், இந்த ஒரு விஷயம் தவிர,
ஜெ. ஜெனிட்டா

பி.கு.: இதை ஒட்டப் போகும்போது பூசை முடிந்து அப்பா வந்தார். அப்பாவின் குழம்பைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாகி, பெண்கள் கிறிஸ்துமஸை இனி வருஷாவருஷம் பெரிதாகக் கொண்டாடுவது என்று கோயிலில் முடிவு செய்துவிட்டார்களாம். விழாக் குழு போட்டாயிற்று. குழுவில் எல்லோரும் ஆண்கள். பங்குப் பேரவை அனுபவம் உள்ளவர் என்று தலைவராக உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், பெண்களின் ஓய்வைப் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். குழுவினர் பந்தல், மைக்செட், வரவேற்பு என்று அலைவார்களாம்; அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் சமையலை அன்றைக்குப் பெண்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். காய் நறுக்குவதற்கு முதல் பெயராக என்னை எழுதியிருக்கிறார்கள். தலைவர் என்ற முறையில் தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.