பொறுங்கோ மாஸ்டரும் எதிரணிக்கே பந்தெறிந்த பெடியனும்

மொன்றியல் தீவில் அசைக்க முடியாத பொருள் என்று எதுவும் இல்லை. தெருவோரத்துப் பனிமலை ஏப்ரலில் தானாகவே கரைந்துவிடும். பாலங்களை வருடா வருடம் பெயர்த்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிறார்கள். துறைமுகத்துக் கொள்கலன்களைக் கிரேன் பூப்போலத் தூக்கி வைக்கும். பொறுங்கோ மாஸ்டரை மட்டும், ஒரு முடிவு எடுத்துவிட்டாரென்றால், மனிதராலும் அசைக்க முடியாது, இயந்திரத்தாலும் அசைக்க முடியாது. நான் முயன்று பார்த்தவன். நேர்மையற்ற வழியிலும் முயன்றவன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

மாஸ்டர் ஒரு கல்லூரியின் புட்போல் பயிற்றுநர். நாம் உதைபந்து என்று சொல்வது வேறு. இது வட அமெரிக்கர்கள் ஆடுவது. பந்து முட்டை வடிவம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவன்மேல் விழுந்து அமுக்குவார்கள். கோட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இமை மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டியவன் அவன். அவன் சரியில்லாவிட்டால் மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

மாஸ்டருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. குடிவரவு அதிகாரிகளைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. எதற்கும் 'பொறுங்கோ' என்பார். மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருக்கிறோம். ஒருநாள் தீ எச்சரிக்கை மணி அலறி, எல்லோரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியால் ஓடுகிறோம். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து குரல்: "பொறுங்கோ, தேத்தண்ணி கொதிக்குது." கடைசியில் அந்த மணி அடித்ததே அவருடைய தேத்தண்ணியால்தான் என்று தெரிந்தது.

எண்பதுகளில் அகதியாக வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தொலைக்காட்சி. சமையற்காரர் அதில் அந்தப் பந்தாட்டத்தைத் தவிர வேறொன்றும் போடமாட்டாராம். சில குளிர்காலங்கள் கோப்பையைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கழுவியதில் ஆட்டம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. எத்தனை கோப்பை உடைந்தது என்று அவர் சொன்னதில்லை. பிறகு ஒரு கல்லூரி அணிக்குத் தண்ணீர் சுமக்கப் போனார், உதவிப் பயிற்றுநரானார். கடைசியில், வேறு யாரும் பொறுப்பெடுக்க முன்வராத ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார்.

நான் ஊரில் கணிதம் படிப்பித்தவன். இங்கே கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்தூக்கியில் வைத்துத்தான் என்னைப் பிடித்தார்.

"அண்ணை, சனிக்கிழமையில என்ன செய்யிறியள்?"

"ஒண்டுமில்லை. ஏன்?"

"மேல இருந்து கீழ பாக்க ஒரு ஆள் வேணும்."

"அது கடவுளின்ர வேலையெல்லோ?"

"அவர் ரேடியோவில கதைக்கமாட்டார். நீங்கள் வாங்கோ."

அப்படித்தான் பார்வையாளர் மேடையின் உச்சியில், கையில் ஒரு ரேடியோவுடன் உட்கார்ந்தேன். எதிரணி எங்கே நெருக்கமாக நிற்கிறது, எங்கே இடம் கிடக்கிறது என்று கீழே மைதான ஓரத்தில் நிற்கும் மாஸ்டருக்குச் சொல்வது என் வேலை. மாஸ்டர் யோசித்து, அடுத்த ஆட்டமுறையைக் கோட்டர்பேக்குக்குக் கத்திச் சொல்வார். எதிரணிக்கு விளங்கக்கூடாது என்பதற்காக மற்ற அணிகள் படம் காட்டும், கைச்சைகை காட்டும். மாஸ்டர் அந்தச் சிரமமெல்லாம் படவில்லை. எல்லாவற்றுக்கும் நமது சாப்பாட்டின் பெயரை வைத்துவிட்டார். எல்லோரும் ஒன்றாக இறுகி நடுவால் தள்ளிக்கொண்டு போனால் புட்டு. ஓடுபவர்கள் ஒருவர் பாதையை ஒருவர் வெட்டிச் சிக்கலாக ஓடினால் இடியப்பம். உயரத் தூக்கி எறிவது அப்பம். பக்கவாட்டில் மெல்ல ஊற்றுவதுபோல் கொடுப்பது சொதி.

பொன்னிறத் தலைமயிரும் தொட்டில் அளவு தோளுமாக நிற்கும் கியூபெக் பெடியள் வட்டமாகக் குனிந்து நின்று "சொதி! சொதி!" என்று கர்ச்சிப்பதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் யாரும் பசியில்லாமல் வீடு திரும்ப முடியாது.

கோட்டர்பேக்கின் பெயர் மக்சீம். நல்ல பெடியன். என்னைக் கண்டால் "போன்ஜூர், முசியே" என்று தொப்பியைக் கழற்றுவான். அவனுடைய குணத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் வலது கையில் இருந்தது. அவன் எறிந்தால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணி தப்பவிட்டால் நடுவருக்குப் போகும். ஒருமுறை மைதானத்துக்கு வெளியே உருளைக்கிழங்குப் பொரியல் விற்ற பெண்ணின் எண்ணெய்ச் சட்டிக்குள் போய் விழுந்தது. பந்தை வெளியே எடுத்தபோது அது பொன்னிறமாக இருந்தது.

"மாஸ்டர், உவனை இருத்துங்கோ. மற்றப் பெடியனை இறக்குங்கோ," என்று ரேடியோவில் கத்தினேன்.

"பொறுங்கோ அண்ணை. காத்து அடிக்குது."

"எங்க காத்து? கொடி தொங்கிக்கொண்டு நிக்குது!"

"மேல இருக்கிற உங்களுக்குத் தெரியாது. கீழ ஒரு காத்து இருக்கு."

அடுத்த கிழமை வெயில் கண்ணில் குத்தியது என்றார். அன்று மழை. அதற்கடுத்த கிழமை பெடியனுக்குக் காதலியோடு சண்டை என்றார். காதலி எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். மாற்று ஆட்டக்காரனோ பயிற்சியில் குருவியைக் குறிபார்த்து அடிக்கிறவன். அவன் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்து நகம் கடித்தே அந்தப் பருவத்தைக் கழித்தான். எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது. வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மக்சீமைக் குறைத்தால் போதும் என்று நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை.

இந்த நிலைமையில் ஆற்றின் தென்கரையிலுள்ள புரோசார்ட்டில் ஓர் அறுபதாவது பிறந்தநாள் விழா வந்தது. எங்கள் ஆட்களின் மண்டப விழா எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டால் எட்டரைக்குக் கேக் வெட்டுவார்கள். அதுவரை வந்தவர்களுக்கு வாய்க்கு வேலை வேண்டும். என் மேசையில் எட்டுப் பேர். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, முழங்கால் நோ எல்லாம் ஒருசுற்று முடிந்தது. என் முறை வந்தபோது கல்லூரி அணியின் ஆலோசகன் என்று என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

"அதென்ன, சாப்பாட்டுப் பேர் சொல்லி விளையாடுறியளாமே?" என்று ஓர் அம்மா கேட்டார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் வடைத் தட்டை நடுவில் இழுத்து, வடைகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, புட்டு எப்படி, சொதி எப்படி என்று முழுப் பாடமும் நடத்தினேன். ஊரில் படிப்பித்த காலத்தில்கூட அப்படி ஒரு கவனமான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் அவருடைய மகன் இருந்தான். பெரிய உடம்பு. தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வமில்லை என்று நான் மனதுக்குள் வருந்திக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை தென்கரைக் கல்லூரி ஒன்றுடன் போட்டி. மாஸ்டர் "புட்டு!" என்று கத்தினார். எதிரணியின் தற்காப்பு வரிசையில் ஒரு பெரிய உடம்பு நிமிர்ந்தது. தன் பக்கத்தாரைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அத்தனை பேரும் நடுவில் வந்து குவிந்தார்கள். எங்கள் புட்டு குழாயை விட்டு வெளியே வரவில்லை. "சொதி!" என்றார் மாஸ்டர். சொதி ஊற்றுவதற்கு முன்னமே அங்கே இருவர் வந்து நின்றார்கள். அப்பத்தை அந்தப் பெடியனே பாய்ந்து பிடித்துக்கொண்டு ஓடினான். ஓடும்போது தலைக்கவசத்துக்குள்ளிருந்து "அப்பம் சூடு, மாஸ்டர்!" என்று நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கத்தினான். அவனுக்குத் தமிழில் ஆர்வம் இருந்தது.

மேலே இருந்த எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். கையில் ரேடியோ இருந்தது. பொத்தானை அமுக்கிச் சொல்ல ஒரு வசனம் போதும். நான் சொன்ன வசனம் இது: "பாத்தியளே, மக்சீம் எல்லாப் பந்தையும் அவங்களுக்கே குடுக்கிறான். நான் அப்பவே சொன்னன்."

அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய், விளையாட்டுத்துறை இயக்குநரான அம்மையாரைச் சந்தித்தேன். மாஸ்டரின் பிடிவாதத்தால் அணி அழிகிறது என்று பணிவான ஆங்கிலத்தில் விளக்கினேன். கணித ஆசிரியன் அல்லவா, பிழையான முடிவுக்கும் சரியான கணக்குக் காட்டத் தெரியும். அணியின் நன்மைக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வாயால் வந்த தோல்வி பெடியனின் கையில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

அம்மையார் மாஸ்டரை அழைத்தார். கடைசிப் போட்டியில் வென்றால் அடுத்த வருடமும் வேலை. தோற்றால் வேறு ஆள். மாஸ்டர் அதைப் போகிற போக்கில்தான் வண்டியில் எனக்குச் சொன்னார். நான் இருமினேன்.

"அப்ப மற்றப் பெடியனைத்தானே இறக்கப்போறியள்?"

"ஏன்?"

"ஏனோ? உங்கட வேலை போகப்போகுது, மாஸ்டர்!"

"என்ர வேலை போறதுக்கும் மக்சீமுக்கும் என்ன சம்பந்தம், அண்ணை? பந்து எறியத் தெரியாதெண்டு அவனுக்கே தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு கிழமையும் வந்து நிக்கிறான். அவனை எப்பிடி இருத்திறது?"

 நான் வண்டியின் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

கடைசிப் போட்டியன்று முதற்பனி கொட்டியது. சாப்பாட்டுப் பெயர்களை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்து ரயில் நிலையங்களின் பெயர்களுக்கு மாறியிருந்தார்கள். காரணத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மக்சீம் "கொடிகாமம்" என்று கத்தியபோது அவன் உச்சரிப்பில் பிறந்த ஊருக்கு இன்னும் ரயில் போகவில்லை. ஆனாலும் அன்று அவன் இதுவரை ஆடாத ஆட்டம் ஆடினான். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு நல்ல எறி எறிந்தால் வெற்றி என்ற நிலை.

"மாஸ்டர், இப்பவாவது மாத்துங்கோ! கும்பிட்டுக் கேக்கிறன்!"

கீழே அவர் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்து, அணைத்து, கோட்டுப் பையில் போடுவது தெரிந்தது.

மக்சீம் எறிந்தான். மிக அழகான எறி. பனியைக் கிழித்துக்கொண்டு அம்புபோல் நேராகப் போய் எதிரணிக்காரனின் நெஞ்சில் விழுந்தது.

மாஸ்டர் மைதானத்துக்குள் நடந்து போனார். முழங்காலில் இருந்த பெடியனைத் தூக்கி நிறுத்தி, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, அவன் காதில் ஏதோ சொன்னார். அந்தக் குளிரிலும் பெடியன் சிரித்தான். நான் மேலே நின்று கோபத்தில் நடுங்கினேன். குளிராகவும் இருக்கலாம்.

மாஸ்டரின் வேலை போனது.

ஒரு மாதம் கழித்து எங்கள் தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனேன். காசாளர் இடத்தில் மக்சீம் நின்றான், பகுதிநேர வேலையாம். தொப்பியைக் கழற்றினான். பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னான்.

"முசியே, உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. அப்போது இருந்தது. தென்கரைப் போட்டி முடிந்து கைகொடுக்கும்போதே அந்தத் தமிழ்ப் பெடியன் வடைக் கதையைச் சொல்லிவிட்டான். நாங்கள் எல்லோரும் கோச்சிடம் போய், அந்தக் கிழவரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் விளையாட மாட்டோம் என்றோம். கோச் பெயர்களை மாற்றினார். உங்களை மாற்றவில்லை. வேலை போகிற அன்று, இயக்குநரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், வேலை தப்பும் என்றேன். 'அவர் எங்கள் ஆள், சொல்லக்கூடாது' என்றார் கோச்."

பாலை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

நேரே மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இயக்குநரிடம் போனது, வடை, வாய், எல்லாவற்றையும் வாசலில் நின்றே கொட்டினேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"தெரியும் அண்ணை. இப்ப ஏன் சத்தம் போடுறியள்?"

"தெரிஞ்சும் ஏன் என்னை நிப்பாட்டேல்லை?"

அவர் உண்மையாகவே யோசித்தார்.

"உங்களுக்கு முதல் வருசம்தானே. இரண்டாம் வருசம் நல்லா வருவியள் எண்டு நினைச்சன்."

எனக்கு வயது எழுபத்தாறு.

இப்போது அவர் லாசால் பூங்காவில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் திசையிலும் ஓடுகிறார்கள். அங்கே மேடை இல்லை. ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பத்தடி தள்ளி நிற்பவருக்கு ரேடியோவில் சொல்வதும் பாதி பிழையாகத்தான் வருகிறது. பெற்றோர் சிலர் என்னைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்பதையும், அவர் தலையை ஆட்டி மறுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கீழே வண்டியோடு நிற்கிறார்.